ஆந்தையை மறைத்த கிளை

ஜனவரி 18

அன்புள்ள தொமோயா அண்ணாவுக்கு,

பெருங்குளிர் தொடங்கிவிட்டது. காலையில் மாட்டுத் தொழுவத்தின் கதவுப் பிடியில் கையுறை ஒட்டிக்கொள்கிறது. டோக்கியோவில் வெயில் அடிக்கிறதாம், ஆனால் காற்று வறண்டு எல்லோருக்கும் தொண்டை கட்டுகிறது என்று செய்தியில் சொன்னார்கள். நீ நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய புத்தாண்டுப் பார்சல் வந்து சேர்ந்தது. அம்மா கழுத்துத் துண்டைக் கட்டிப் பார்த்துவிட்டு, வீணாகிவிடுமென்று மறுபடி மடித்து வைத்துவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. போன வாரம் பிறந்த கன்று நன்றாகக் குடிக்கிறது. அப்பா புத்தாண்டன்று உன் பங்கு அரிசிக் கேக்கையும் சுட்டுத் தட்டில் வைத்தார். அது ஆறிப்போன பிறகு அவரே சாப்பிட்டார்.

இதை வீட்டில் எழுதவில்லை. வேலை முடிந்து பால் கூட்டுறவின் பரிசோதனை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஃபோனில் எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். எழுதும்போதுதான் ஒரு வாக்கியத்தை முழுசாக முடிப்பேன்.

ஆந்தையைப் பற்றித்தான் எழுதுகிறேன். தொழுவத்துக்குப் பின்னால், காற்றைத் தடுக்க நட்ட மரவரிசையில் இருக்கும் கிழட்டு ஓக் மரப் பொந்தின் ஆந்தை. நாம் சின்னவர்களாக இருந்தபோதிலிருந்தே அங்கே ஏதோ ஓர் ஆந்தை இருக்கிறது. அப்பா அதைப் பின்வீட்டுக்காரர் என்பார். பின்வீட்டுக்காரர் ஜன்னலுக்குள் யாரும் நின்று எட்டிப் பார்ப்பதில்லை அல்லவா, நாமும் அப்படித்தான் இருந்தோம்.

நவம்பரில் நீ உன் செக்‌ஷன் தலைவர் கிரியாமா சாரைக் கூட்டிக்கொண்டு வந்தாய். அவருடைய கேமராப் பையை நீயே தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தாய். அவர் ஆந்தையைப் படமெடுத்தார், அம்மா வைத்த சூப்பைப் புகழ்ந்தார், போய்விட்டார். அந்தப் படத்தை இணையத்தில் போட்டார். படத்தின் ஓரத்தில் நம் சிவப்புத் தீவனக் கோபுரம் பாதி தெரிகிறது. இந்தச் சமவெளியில் நம் நுமாசாவா பண்ணையின் பெயர் எழுதிய சிவப்புக் கோபுரம் வேறு எங்கே இருக்கிறது? டிசம்பரில் பனி கெட்டியானதும் கார்கள் வரத் தொடங்கின.

முதலில் வந்தவர்கள் சப்போரோவிலிருந்து ஒரு கணவன் மனைவி. அவர்கள் கையில் ஒரு பலகாரப் பெட்டி இருந்தது. அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். அவ்வளவுதான் அண்ணா, அந்த நொடியில் நாம் தோற்றுவிட்டோம். அவர்களைப் பார்த்து அடுத்தவர்களும் பெட்டியோடு வந்தார்கள். பயற்றுப் பூரணம் வைத்தது, செஸ்ட்நட் வைத்தது, வெண்ணெய் பிஸ்கட். முன்னோர் மாடத்தில் தாத்தா படம் மறைகிற அளவுக்குப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. இவர்களை வர வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று நான் கேட்டதற்கு அம்மா சொன்னது இது:

"வாங்கித் தின்ன வாயால போன்னு சொல்றதா? நீ படிச்சவ, நீ போயி சொல்லு பாப்போம்."

நம் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. நான்கு வருடம் படித்தும் எனக்கு ஒரு 'வேண்டாம்' வாயில் வரவில்லை.

அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எழுதவே அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். விடியும் முன்பே வந்து மரத்தைச் சுற்றி அரைவட்டமாகக் கேமரா ஸ்டாண்டுகளை நட்டு, இடம் போகாமலிருக்க அவற்றில் பெயர்ச்சீட்டைக் கட்டிவிட்டுக் காரில் போய்த் தூங்குகிறார்கள். எல்லோரும் பணிவாகத்தான் நடந்துகொள்கிறார்கள். ஒருவருக்கொருவர் குனிந்து வணக்கம் சொல்கிறார்கள். பிறகு ஆந்தை கண்ணைத் திறக்கவில்லை என்று ஒருவர் கை தட்டுகிறார், ஒருவர் பூனை மாதிரி கத்துகிறார், ஒருவர் ஸ்டாண்டின் காலால் மரத்தைத் தட்டுகிறார். கைக்குழந்தையிடம் பேசுவதுபோல ஒரு குரலில் கொஞ்சுகிறார்கள். மரவரிசை நெடுகப் பனியில் மஞ்சள் ஓட்டைகள். பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், நாம் மாடு கட்டும் இடத்துக்குப் பத்தடி தள்ளி நின்று சிறுநீர் கழிக்கிறார்கள். சூடு தீர்ந்த கைச்சூட்டுப் பைகளை அங்கேயே போட்டுவிடுகிறார்கள். ஒன்றைக் கன்று மென்றுகொண்டிருந்தது, நான்தான் வாயில் கைவிட்டு எடுத்தேன். சின்னப் பறவைகளை இழுக்க மரப்பட்டையில் மாட்டுக் கொழுப்பைத் தேய்த்திருக்கிறார்கள். நம் மாடுகள் பார்த்துக்கொண்டிருக்க, மாட்டுக் கொழுப்பு.

கடைசியாக நடந்ததைச் சொல்கிறேன். வந்தவர்களில் ஒகுதேரா என்று ஒருவர் இருக்கிறார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மென்மையாகப் பேசுவார், வாரம் தவறாமல் வருவார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நம் வாசலில் செருப்பு கழற்றுகிற படியில், ஊதாத் துணியில் அழகாக முடிச்சுப் போட்ட ஒரு பெட்டி இருந்திருக்கிறது. அம்மா என்ன செய்வாள்? வந்த பரிசை உடனே பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று மாடத்தில் தாத்தா படத்துக்கு முன்னால் வைத்து, மணி அடித்து, கை கூப்பியிருக்கிறாள். சாயங்காலம் நான் வந்து உட்கார்ந்து டீ குடிக்கும்போது மாடத்திலிருந்து சுரண்டுகிற சத்தம். சுவருக்குள் எலி புகுந்துவிட்டது என்று அம்மா அப்பாவைத் துடைப்பத்தோடு கூப்பிட்டாள். அதற்குள் ஊதாத் துணிப் பெட்டி தானாகவே ஒரு விரற்கடை நகர்ந்தது.

உள்ளே வெள்ளை எலிகள். மரத்தூளில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு ஆப்பிள் துண்டைச் சுற்றி. வெளியே காரில் விட்டால் விறைத்துச் செத்துவிடும் என்று, ஆந்தைக்கு முன்னால் விடும்வரை நம் வீட்டின் கதகதப்பில் இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தாத்தாவின் மாடம் முழுக்க அந்த மூத்திர வாடை.

இனிமேல்தான் அருவருப்பு. ஒகுதேரா பெட்டியை எடுக்க வந்தார். அம்மா முழங்கால் வலியோடு தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படுகிற மாதிரிக் குனிந்து, அவருடைய பொருளைக் கேட்காமல் எடுத்து வேறிடத்தில் வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். அவர் மூடியைத் தூக்கி எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, நான் தப்பா எடுத்துக்கல" என்றார். அம்மாவை அவர் மன்னித்துவிட்டார் அண்ணா!

கிரியாமா சாரிடம் சொல்லி அந்தப் படத்தை இணையத்திலிருந்து நீக்கச் செய்வாயா? குறைந்தது கோபுரம் தெரிகிற ஓரத்தையாவது வெட்டச் சொல். உன்னிடம் நான் எப்போதும் எதையும் கேட்டதில்லை. என்னை மேலே படிக்க வைக்கச் சொல்லி அப்பாவிடம் பேசியதுகூட நீயாகத்தான், நான் கேட்காமலே. இதை மட்டும் கேட்கிறேன்.

அறைக்குள் ஈரப்பதமூட்டியைப் போட்டுக்கொண்டு தூங்கு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
மினோரி


பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாட்காட்டியில் வசந்தம் பிறந்துவிட்டதாம். இங்கே மூச்சு இமையில் உறைகிறது. கடலில் மிதவைப் பனி கரைக்கு வந்துவிட்டதால் காற்றில் உப்பு வாசனைகூட இல்லை.

நீ ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தாய். நான் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வைத்த பிறகுதான் பதில்கள் வந்தன. கிரியாமா சாரிடம் படத்தை நீக்கச் சொல்வது நடக்கிற காரியமா என்று கேட்டாய். உன் செக்‌ஷனில் எல்லோரும் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், பள்ளியோடு நின்று வேலைக்கு வந்தவன் நீ ஒருவன்தான், இந்த வசந்தத்தில் உதவித் தலைவர் பட்டியலில் உன் பெயரைப் போடப் போகிறவர் அவர்தான் என்றாய். எனக்குப் புரிகிறது. நீ சொல்லாமல் விட்டதும் புரிந்தது. நான் பட்டம் வாங்கிக்கொண்டு நம்மூரிலேயே பால் சோதித்துக்கொண்டிருக்கிறேன், பட்டமில்லாத நீ அங்கே பட்டம் வாங்கியவர்களுக்கு நடுவே நிற்கிறாய்.

கொஞ்சம் பொறுத்துக்கொள், பனி உருகினால் அவர்களே போய்விடுவார்கள் என்றும் சொன்னாய். அதனால் இங்கே இப்போது என்ன நடக்கிறது என்று எழுதுகிறேன்.

ஆந்தை பகலில் இறங்கி வருகிறது. போன சனிக்கிழமை தீவனம் தள்ளிக்கொண்டே பார்த்தேன். வெயில் சாயத் தொடங்கியதும் ஒகுதேரா பனியை மிதித்துச் சின்ன மேடை மாதிரிச் செய்து, பெட்டியிலிருந்து ஒரு வெள்ளை எலியை வாலைப் பிடித்து எடுத்து அதில் விட்டார். பனிமேல் வெள்ளை எலி, கண் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அது ஓடவில்லை. பாவம், பனி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நடுங்கியது. ஆந்தை பொந்தை விட்டு வெளியே வந்து, தலையைத் திருப்பி, விழுந்த மாதிரி இறங்கியது. ஒரே நேரத்தில் அத்தனை கேமராக்களும் சடசடவென்று அடித்தன, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி. முடிந்ததும் எல்லோரும் ஒகுதேராவைப் பார்த்துக் குனிந்தார்கள். நல்ல படத்துக்கு நன்றி சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் தன் படத்தில் இறக்கை வெட்டுப்பட்டுவிட்டது என்று வருத்தப்பட்டார். உடனே அவருக்காக இன்னொன்றை எடுத்து விட்டார்கள்.

ஆந்தைக்குப் பசி தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. இரண்டாவது எலியைக் கொன்று அப்படியே போட்டுவிட்டுப் போனது. மறுநாள் காலையில் அது பனியோடு ஒட்டிக் கல்லாகக் கிடந்தது, நான் மண்வெட்டியால் பெயர்த்து எடுத்தேன்.

மரத்தடியில் ஆந்தை கக்கிய உருண்டைகளை நான் அவ்வப்போது பிரித்துப் பார்ப்பேன். எப்போதும் வயல் எலியின் சாம்பல் மயிரும் சின்ன எலும்புகளும் இருக்கும். இப்போது பிரித்தால் வெள்ளை மயிர்தான். பஞ்சு மாதிரி, கடைச்சரக்கு மாதிரி.

இப்போது அதைவிடப் பெரியது ஒன்று வந்திருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கிரியாமா சார் அப்பாவுக்கு நேரடியாக ஃபோன் செய்தார். இந்த மாத நடு விடுமுறைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேரை அழைத்து வருகிறாராம். பொந்துக்கு முன்னால் ஒரு கிளை குறுக்கே நிற்கிறது, அது இல்லாவிட்டால் மத்தியான வெயில் நேராக ஆந்தையின் முகத்தில் விழும், தொந்தரவு இல்லையென்றால் அதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாராம். அப்பா, தொந்தரவே இல்லை என்று சொல்லிவிட்டார். மரம் அறுக்கும் மிஷினை எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.

அந்தக் கிளை உனக்கு நினைவிருக்கிறதா? பனிக்காலம் முழுக்கப் பழுப்பு இலைகளை உதிர்க்காமல் வைத்திருக்குமே, அதுதான். அந்த இலைகளில் பனி தங்கிப் பொந்துக்கு முன்னால் திரை மாதிரி நிற்கிறது. கிழக்குப் புயல் அடிக்கும்போது பொந்துக்குள் பனி புகாமல் இருப்பது அதனால்தான். காக்கைகளின் கண்ணில் ஆந்தை படாமல் இருப்பதும் அதனால்தான். அதை எடுத்துவிட்டால் ஆந்தை அங்கே இருக்காது, இல்லாவிட்டால் காக்கைகள் அதை இருக்க விடாது. இந்தக் குளிரில் வேறு பொந்துக்கு அது எங்கே போகும்?

அப்பா மாட்டு மடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவர் பார்த்ததில்லை. பிறகு துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"நீ சொல்றது சரிதான்டி. ஆனா கேக்குறவரு யாரு? நம்ம பயலோட மேலதிகாரி. தொமோயா வேணாம்னு ஒரு வார்த்த சொல்லட்டும், மிஷினத் தூக்கி உள்ள வெச்சிடறேன்."

அதனால் அண்ணா, படத்தை நீக்கச் சொல்ல வேண்டாம். கிரியாமா சாரிடம் நீ எதுவுமே பேச வேண்டாம். அப்பாவுக்கு ஒரு ஃபோன். வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை. கிளை ஏன் இன்னும் இருக்கிறது என்று கிரியாமா சார் கேட்டால், அப்பா வயதானவர், ஏணியில் ஏற முடியவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். பழியை நம் வீட்டின் மேலேயே போட்டுக்கொள்ளலாம்.

நீ அங்கே நல்லபடியாக மேலே வர வேண்டும் என்றுதான் தினமும் மாடத்தில் கும்பிடுகிறேன். அதையும் இதையும் சேர்த்துக் கேட்பது தப்பு என்றால், எது முக்கியமோ அதை நீயே வைத்துக்கொள்.

மினோரி


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு நாளாகக் காற்று ஓய்ந்திருக்கிறது. கூரையிலிருந்து மத்தியானத்தில் சொட்டுகிறது, சாயங்காலம் திரும்பவும் உறைகிறது.

நீ அப்பாவைக் கூப்பிடுவாய் என்று வியாழன் இரவுவரை ஃபோன் பக்கத்திலேயே இருந்தேன். நீ கூப்பிட்டாய். அம்மாவிடம் பேசினாய். வருகிறவர்களுக்கு நண்டு போட்டுச் சூப் வைக்கச் சொன்னாய், உனக்கு நகோயாவில் வேலை இருப்பதால் கூட வர முடியவில்லை என்றாய். ஃபோனை வைத்துவிட்டாய்.

அவர்கள் வந்த அன்று நடந்ததைக் கிரியாமா சார் அவருடைய விதத்தில் உன்னிடம் சொல்லியிருப்பார். என் பங்கை நான் எழுதுகிறேன்.

மத்தியானம் மரத்தடியில் வழக்கமான கூட்டம். கிரியாமா சாருக்கும் அவர் விருந்தினர்களுக்கும் முன்வரிசையில் ஒகுதேராவே இடம் பிடித்து வைத்திருந்தார். அப்பா ஏணியைச் சாத்தினார். ஆந்தை பொந்துக்குள் பாதிக் கண் திறந்து கீழே பார்த்தது. அது மிஷினைப் பார்க்கவில்லை, ஊதாப் பெட்டியைப் பார்த்தது. அந்தப் பார்வையைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. நான் கூட்டுறவுச் சீருடையோடு நடந்து போய், ஏணிக்குப் பக்கத்தில், மரத்தில் முதுகை வைத்துப் பனியில் உட்கார்ந்துவிட்டேன்.

திட்டம் ஒன்றும் இல்லை.

முதலில் யாரோ, சிரமத்துக்கு மன்னிக்கணும், கொஞ்சம் நகர்ந்தால் நன்றாக இருக்கும் என்றார். நான் தலை பனியில் படக் குனிந்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். நகரவில்லை. அவரும் பதிலுக்குக் குனிந்தார். பிறகு இன்னொருவர் வந்து, படத்தில் நீல உடை விழுகிறது என்று வருத்தத்தோடு தெரிவித்தார். அவரிடமும் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். நகரவில்லை. ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள், நானும் ஒவ்வொருவருக்கும் குனிந்தேன். என்னை யாரும் தொடமாட்டார்கள், திட்டமாட்டார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மரியாதையான மனிதர்களாயிற்றே. இத்தனை நாள் அவர்கள் எங்கள் வாயை அடைத்த துணியாலேயே அவர்கள் வாயையும் அடைக்க முடியும் என்று எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை?

தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கிரியாமா சார் என் முன்னால் வந்து, குழந்தையிடம் பேசுவதுபோலக் குந்தி உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"உங்க அண்ணன் பேரு இந்த மாசக் கடைசியில என் மேசைக்கு வருது. தெரியும்ல?"

"தெரியும்," என்றேன். "மன்னிச்சுக்கோங்க."

அவர் வாயில் உன் பெயரைக் கேட்டபோது, பனியிலிருந்து பெயர்த்து எடுத்த எலி மாதிரி இருந்தது. வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிற மாதிரி.

அப்பா அதைக் கேட்டார். ஏணியின் மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தார். மிஷினின் கயிற்றை ஒருமுறை இழுத்தார், அது உடனே உறுமியது. அணைத்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மக்கர் பண்ணுது. இன்னிக்கி ஆகாது" என்று சொல்லிவிட்டு இறங்கி, ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டார். அது ஓடியதை அத்தனை பேரும் கேட்டார்கள். ஒகுதேரா, பழைய மிஷின் என்றால் அப்படித்தான் என்று தலையாட்டினார்.

அம்மா அப்படியும் நண்டு சூப் பரிமாறினாள். அவர்களும் அப்படியும் குடித்தார்கள். மிகவும் ருசி என்றார்கள்.

மறுநாள் அப்பா டிராக்டரால் முற்றத்துப் பனியை அள்ளி, பண்ணைப் பாதை சாலையைத் தொடுகிற இடத்தில் ஆள் உயரத்துக்குக் குவித்துவிட்டார். அறிவிப்புப் பலகை எதுவும் வைக்கவில்லை. பால் வண்டிக்கு மட்டும் தொழுவத்துப் பின்பக்கம் வழி. யாராவது கேட்டால், காற்று கொண்டுவந்து சேர்த்துவிட்டது, வயதாகிவிட்டது, அள்ள முடியவில்லை என்று சொல்லிக் குனிகிறார். கார்கள் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. பெட்டிகளைப் பனிக் குவியலின் மேல் வைத்துவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். அம்மா மட்டும் ஜன்னல் வழியாக ஒவ்வொரு காரையும் பார்த்துக் குனிகிறாள். அவளை அதிலிருந்து நிறுத்த முடியாது.

இதை எழுதினால் நான் ஜெயித்துவிட்டதாக உனக்குத் தோன்றும். இல்லை அண்ணா. கிளை இருக்கிறது, பொந்து இருக்கிறது, ஆந்தைதான் பொந்தில் இல்லை.

அது இப்போது தொழுவத்து வேலியில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. மனிதர்களுக்காகக் காத்திருக்கிறது. நான் தீவன வாளியோடு வந்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறது. ஒரு கையைப் பார்த்துவிட்டு அடுத்த கையைப் பார்க்கிறது. காக்கைகள் கூடிக் கத்தினாலும் அசைவதில்லை. திங்கட்கிழமை பால் வண்டி டிரைவர் பிரேக் அடித்து நிறுத்தி, வண்டி முன்னாலேயே வந்து உட்காருதும்மா என்றார். அடுத்த முறை நிறுத்த முடியுமா என்று தெரியாது என்றும் சொன்னார். பழகின நாய் மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்க்கும்போது அவர்கள்மேல்கூட இவ்வளவு வராத அருவருப்பு அதன்மேல் வருகிறது. அந்த அருவருப்புக்காக என்மேலும்.

வயல் எலி பிடிக்க அது மறந்திருக்காது. மனிதன் என்றால் எலி என்கிற நினைப்பைத்தான் அதனிடமிருந்து எடுக்க வேண்டும். அதனால் ஒரு வாரமாகக் காலையிலும் சாயங்காலமும் அதன்மேல் பனியை எறிகிறேன். நம்மூர்ப் பனி உருண்டையாகப் பிடிபடாது, மாவு மாதிரி உதிரும். வெந்நீரில் கையுறையை நனைத்துப் பிசைந்து உருட்டுகிறேன். உடம்பில் படாமல், பக்கத்துக் கம்பியில் பட்டுத் தெறிக்க வேண்டும், அது பயப்பட வேண்டும். தகரத்தைத் தட்டிக் கத்துகிறேன். நான் கத்துவதைக் கேட்டு மாடுகள்கூடத் திரும்பிப் பார்க்கின்றன. அவர்கள் கைதட்டியதற்கு அருவருத்தவள், இப்போது நானே தகரம் தட்டுகிறேன். அம்மாவால் பார்க்க முடியவில்லை, உள்ளே போய்விடுகிறாள்.

கிட்டே போனால் எலி கொண்டுவந்ததாக நினைத்துக் கையையே பார்க்கிறது, அதனால் தள்ளி நின்றுதான் எறிய வேண்டும், ஆனால் என் உருண்டைகள் வேலிவரைக்கும் போகவில்லை. பாதியில் விழுகின்றன. அப்பாவுக்கோ எறியக் கை தோளுக்கு மேலே ஏறமாட்டேன் என்கிறது. ஆந்தை விழுந்த உருண்டையைப் பார்க்கிறது. அதைத் தின்னக் கொடுத்ததாக நினைத்து ஒருமுறை இறங்கியே வந்தது. அண்ணா, பனியைக் கொத்திப் பார்த்தது.

நீ பள்ளி பேஸ்பால் அணியில் பந்து வீசியவன். நம் ஊரில் அந்தத் தூரத்துக்கு, குறி பிசகாமல் எறிகிற கை வேறு யாருக்கும் கிடையாது.

உன் பெயர் அந்த மேசைக்குப் போனதா, போகும் வழியிலேயே எடுத்துப் போட்டுவிட்டார்களா, எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. அன்றைக்கு மரத்தடியில் நான் எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டேன், அதில் ஒன்றுகூட உண்மையில்லை. உன்னிடம் கேட்கிற இதுதான் உண்மை. மன்னித்துக்கொள். கோபம் இருந்தால் ஃபோனில் காட்டாதே, இங்கே வந்து காட்டு. அப்பா எதிரில் நின்று என்னைத் திட்டு. பிறகு கொஞ்ச நேரம் வேலிப்பக்கம் வா.

யாரையும் கூட்டிக்கொண்டு வராதே. யார் பையையும் தூக்கிக்கொண்டு வராதே. பனிக் குவியல் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு ஏறிக் குதித்து வா, அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். பனி உருகுவதற்குள் வந்தால் போதும். உருகிவிட்டால் எறிய ஒன்றும் இருக்காது.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் வலது தோளுக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

உன் தங்கை
மினோரி